தப்பான பாஸ்வேர்டு

ஏரி எது, வானம் எது என்று தெரியாத பனி. அந்த விடியலில் சுபஸ்ரீயின் மேனேஜர் சென்னையிலிருந்து போனில் வந்தார்.

"நம்ம சர்வர் பேஜ்ல இன்னிக்கும் எவனோ லாகின் பண்ணப் பாத்திருக்கான்மா. ஒரே ஒரு தடவை தப்பா பாஸ்வேர்டு போட்டுட்டுப் போயிடறான். தினமும் விடியறப்போ இதே வேலை. யாருன்னு பாத்து பிளாக் பண்ணு."

"பாக்கறேன் சார்."

மாமியார் மனோரமா டீயை நீட்டினாள்.

"ஒரு வாரமா புருசன் நம்பரை பிளாக் பண்ணி வெச்சிக்கீறியே, சுபா. விடியறப்போ அவன் மீன் புடிக்கக் கடலுக்குப் போற வழி, படகைக் கவுக்கிற முகத்துவாரம். அதைத் தாண்டினதும் உனக்கு மிஸ்டு கால் குடுப்பான். அதுவும் இல்லாம எப்படிம்மா நிம்மதியா குந்திகினு கீற?"

சுபஸ்ரீ லேப்டாப்பை மாமியார் பக்கம் திருப்பினாள். தோற்றுப்போன லாகின்கள் எல்லாவற்றிலும் ஒரே பெயர்: வரதன்.

மனோரமா மகனின் பெயரைத் தொட்டுப் பார்த்தாள்.

சுபஸ்ரீ அவன் நம்பரின் பிளாக்கை எடுக்கவில்லை. கோபம் இன்னும் பாக்கி இருந்தது. ஆனால் அந்தப் பெயருக்கு மட்டும், 'தவறான பாஸ்வேர்டு' என்று வருகிற இடத்தில் வேறு வரி எழுதி வைத்தாள்:

'மிஸ்டு கால் வந்துச்சு. பாத்து வா.'