நீர்மாலை

ஆவுடையம்மாளுக்கு ஒப்பாரி பாடச் சம்மதமில்லை.

"சாவு விழாம, துஷ்டி இல்லாத வீட்டுல எப்படிப் பாட? யார நெனச்சு அழ?" என்றார்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு வெளியே, வாழைத்தோப்பை ஒட்டிய வீடு. வாழைத்தார் சுமக்கிற வேலைக்கு நடுவே மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் இறந்தாலும் ஒப்பாரி பாட முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கிங்ஸ்டனும் மாதுரியும் பாளையங்கோட்டையில் பண்பாட்டியல் படிக்கிறார்கள். வரலாறு, இலக்கியம், மானிடவியல் எல்லாம் கலந்த பட்டப்படிப்பு. இந்தப் பருவத்தில் இருவரும் சேர்ந்து ஒரு சடங்கைப் பதிவுசெய்து கட்டுரை தர வேண்டும்.

கிங்ஸ்டன் குலசேகரன்பட்டினம் தசராவைச் சொன்னான். வேஷமும் மேளமுமாக எழுதுவதற்கு நிறைய இருக்கும். மாதுரி கேட்கவில்லை. ஒப்பாரிதான் என்று பிடிவாதமாக நின்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

"சும்மா ஒரு பேர வச்சுப் பாடுங்க, பெரியம்மா," என்றான் கிங்ஸ்டன்.

"சும்மான்னா வராது, தம்பி."

மாதுரி தலை நிமிராமல் சொன்னாள்: "அம்மையப்பன்னு வச்சுக்கிடுங்க. எனக்கு அப்பா. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு."

நல்ல கற்பனை என்று நினைத்துக்கொண்டு கிங்ஸ்டன் கைப்பேசியில் பதிவைத் தொடங்கினான்.

ஆவுடையம்மாள் தரையில் உட்கார்ந்தார். முதல் வரியிலேயே குரல் மாறிவிட்டது. பாட்டில் அம்மையப்பன் வாத்தியார் தெருவில் வந்தார். பிள்ளைகள் வழிவிட்டு நின்றார்கள். கரும்பலகையில் பாதியில் நிற்கிற கணக்கை இனி யார் போட்டு முடிப்பார் என்று ஆவுடையம்மாள் கேட்டபோது, மாதுரி குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தாள்.

பாட்டு நீர்மாலைக்கு வந்தது. ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து இறந்தவரைக் குளிப்பாட்டுகிற இடம்.

"அது வேண்டாம்," என்றாள் மாதுரி.

ஆவுடையம்மாள் நிறுத்தினார்.

"எங்க அப்பாவக் குளிப்பாட்டல. கொரோனான்னு பையில கட்டி எடுத்துட்டுப் போயிட்டாவ. மொகத்தக்கூடக் காட்டல. அம்மாவும் ஆஸ்பத்திரில கெடந்தா. நான் மட்டுந்தான் வீட்டுல. யாருமே அழல."

மூன்று வருடமாக ஒரே வகுப்பு. அவளுடைய அப்பாவைப் பற்றி ஒரு தடவைகூட விசாரித்ததில்லை என்பது கிங்ஸ்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. பதிவை நிறுத்தினான்.

ஆவுடையம்மாள் நகர்ந்து வந்து, மாதுரியைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"அழு பிள்ள. இப்பம் குளிப்பாட்டுவோம்."

விட்ட வரியிலிருந்தே பாட்டை எடுத்தார்.

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். யாருக்கு என்ன ஆச்சு என்று வாசலில் நின்ற கிங்ஸ்டனிடம் கேட்டார்கள்.

"இவ அப்பா தவறிட்டாரு," என்றான்.

எப்போது என்று யாரும் கேட்கவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டு, உள்ளே போய் மாதுரியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.