சொம்பின் விளிம்பு

தேன்மொழியின் நாவலில் கொலைகாரன் கொலை முடிந்ததும் சமையலறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் குடிப்பான். விளிம்பில் ஒட்டிய எச்சில்தான் கடைசி அத்தியாயத்தில் அவனைக் காட்டிக்கொடுக்கும். தடயவியல் ஆய்வகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஜெபமணியிடம் அதைப் படிக்கக் கொடுத்தாள். அந்தப் பக்கம் வந்ததும் அவர் சிரித்துவிட்டார். “ஏம்மா, நம்ம ஊர்ல எவன் சொம்புல வாய் வச்சுக் குடிக்கான்? அண்ணாந்துல்லா ஊத்துவான். எச்சில் எங்கேருந்து வரும்?” “அப்ப கைரேகை?” “அவன் கையுறை போட்டிருந்தான்னு நீயேதானம்மா எழுதிருக்க.” வேறு தடயம் எதையும் அவள் வைத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து எச்சில் வரியை அடித்து நீக்கினாள். அடித்த கணத்தில் அவன் அண்ணாந்து குடித்து, சொம்பை வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு நாவலைவிட்டே வெளியேறினான். மீதிப் பக்கங்களில் போலீஸார் அவனைச் சும்மா தேடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானம், சன்னல் வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தபோது, அவள் சமையலறைக்குள் போனாள். அந்த வீட்டில் அவள் மட்டும்தான். காலையில் நிரப்பி வைத்தபின் அவள் தொடாத சொம்பில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. பளபளத்த விளிம்பில் உதட்டுத் தடம் ஒன்றுகூட இல்லை. கீழே, அண்ணாந்து குடிப்பவனின் மோவாயிலிருந்து சொட்டியதுபோல, சில துளிகள் இன்னும் உலராமல் மின்னின. சொம்பை மறுபடி நிரப்பி, யாருமில்லாத அந்த வெயிலை நோக்கி நீட்டினாள். “இந்தத் தடவ வாய் வச்சுக் குடி” என்றாள்.