கதவுக்குக் குறுக்கே ஒரு கதிரை

சங்கக் கொட்டிலின் கதவுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் பரிமளம். மடியில் ஒரு கொடுவாக்கத்தி. தன் பொறுப்பிலிருந்த பூட்டின் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள்.

வல்லிபுரத்தாருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. புங்குடுதீவில் அவர் சொல்லி நடக்காத காரியம் குறைவு. எந்த விழாவென்றாலும் முதல் மாலை அவர் கழுத்துக்குத்தான். இந்தச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

படலை வாசலில் உழவு மெசின், பின்னால் கொழுவிய சுமைப்பெட்டியோடு நின்றது. கொட்டிலில் இருக்கும் விதைநெல்லை ஏற்றி, பொழுதுபடுமுன் யாழ்ப்பாணத்து மில்லில் இறக்குவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

“பிள்ளை, எழும்பும். வெயில் ஏறுது.”

“ஏறட்டும். நான் எழும்பமாட்டன்.”

சங்கத்தின் முழுப்பெயர் புதிய கமக்காரர் நலன்புரிச் சங்கம். எண்பத்துமூன்று கலவரத்தில் தெற்கே கடை எரிந்து, உடுத்த உடுப்போடு தீவுக்குத் திரும்பியவர்களைக் கமத்தில் இறக்கிவிடத் தொடங்கியது. தராசு பிடித்த கைகள் மண்வெட்டி பிடித்துக் கொப்புளித்தன. ஆனாலும் பற்றை மண்டிக் கிடந்த கீழைவயலை ஒரு வருடத்துக்குள் வெட்டித் திருத்திவிட்டார்கள்.

ஊரில் கேட்டும் யாசித்தும் விதைநெல் சேர்ந்தது. அது சேர்ந்த பிறகுதான் தலைவருக்கு ஞானம் பிறந்தது. தெற்கிலிருந்து லொறிகள் ஒழுங்காக வராமல் அரிசி விலை ஏறிக்கிடந்தது. நெல்லை மில்லுக்குக் கொடுத்தால் சங்கத்துக்கு ஒரு கட்டடம் எழுப்பலாம். கட்டடம் வந்தால் வாசலில் கல் பதிப்பார்கள், கல்லில் தலைவர் பெயரை வெட்டுவார்கள்.

அவர் அதைச் சொல்லவில்லை. மழையைத்தான் சொன்னார்.

“வானத்தைப் பாரும், பிள்ளை. ஒரு பொட்டு மேகம் இல்லை. இந்தக் காய்ஞ்ச மண்ணிலை விதைச்சால் எறும்புதான் தின்னும். மழைக்கு முந்திப் புழுதியிலை விதைக்கிறதுக்கு அனுபவம் வேணும். கடை நடத்தின உங்களுக்கு அதைப்பற்றி என்ன தெரியும்?”

“தெரியாதபடியால்தான் பழக வந்தனாங்கள். பழக்கத்தானே சங்கம் தொடங்கினீங்கள்?”

மெசின் ஓட்டிக்கொண்டு வந்த சில்வெஸ்ரர் இருமுவதுபோலச் சிரிப்பை விழுங்கினார். அது தலைவரின் காதில் விழுந்துவிட்டது.

“உம்மடை மனுசன் இளையதம்பி எங்கை? மற்ற ஆக்கள் எங்கை? பாரும், உமக்கெண்டு ஒருத்தரும் வந்து நிக்கேல்லை.”

“அவைக்கு வேலை கிடக்கு.”

வேலையாம். ஆம்பிளைகள் எல்லாரும் பயந்து ஒளித்துக்கொண்டு, ஒரு பெண்பிள்ளையைக் கத்தியோடு முன்னுக்கு விட்டிருக்கிறார்கள். அதை நினைக்க வல்லிபுரத்தாருக்கு அவள்மீது கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. மழை விழுந்த பிறகு வேறு நெல் எடுத்துத் தருவதாக நயமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. சங்கத்திலிருந்து அவர்களுடைய பெயரை வெட்டிவிடுவேன் என்று வெருட்டிப் பார்த்தார்.

“வெட்டுங்கோ. குருநாகலிலை கடை எரியேக்கை, எல்லாரையும் கும்பிட்டுக் கும்பிட்டு ஓடினனான். இஞ்சை வந்து நிவாரண மாவுக்கு வரிசையிலை நிண்டனான். என்ரை பிள்ளையளும் என்னோடை நிண்டதுகள். இனி ஓடவும் மாட்டன், வரிசையிலை நிக்கவும் மாட்டன். இந்த வருசம் எங்கடை உலையிலை எங்கடை அரிசிதான் வேகும்.”

கடைசி வார்த்தைகளில் அவள் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

வல்லிபுரத்தாரின் பொறுமை அத்தோடு போயிற்று.

“சில்வெஸ்ரர், அந்த அலவாங்கை எடும். பூட்டை உடையும்.”

“மெசின் ஓடத்தானே ஐயா என்னைக் கூப்பிட்டனீங்கள்?” என்றார் சில்வெஸ்ரர். “கத்தியோடை இருக்கிற பொம்பிளைக்குக் கிட்டப் போக என்னாலை ஏலாது. எனக்கும் குடும்பம் இருக்கு.”

தலைவரே அலவாங்கைத் தூக்கினார். அதன் பாரம் அவரைத்தான் ஒருபக்கமாக இழுத்தது. அதை மதிலில் சாத்திவிட்டு மறுபடியும் பேசத் தொடங்கினார். சட்டம் பேசினார், தன் வயதைச் சொன்னார், அவளுடைய தகப்பனைத் தனக்குத் தெரியும் என்றார். எல்லாவற்றுக்கும் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். பேச்சு நீண்டுகொண்டே போய் வெயிலும் உச்சிக்கு வந்துவிட்டது.

அப்போது கீழைவயல் பக்கமிருந்து யாரோ நீளமாகக் கூப்பிடும் குரல் கேட்டது. பரிமளம் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, கதிரையை ஓரமாக நகர்த்தி, முடிச்சை அவிழ்த்துத் திறப்பை நீட்டினாள்.

“இந்தாங்கோ, தலைவர். திறந்து பாருங்கோ.”

கடைசியில் வழிக்கு வந்துவிட்டாள். வென்றவருக்குரிய பெருந்தன்மையோடு வல்லிபுரத்தார் திறப்பை வாங்கிக்கொண்டார்.

“இதை விடியவே செய்திருக்கலாமே, பிள்ளை. எவ்வளவு நேரம் வீணாய்ப் போச்சுது.”

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். உள்ளே ஒரு மூட்டைகூட இல்லை. வெறும் சாக்குகள் மட்டும் ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தன. சில்வெஸ்ரரும் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் பரிமளத்தின் பக்கம் திரும்பினார்.

“எடியே, நெல் எங்கை?”

பரிமளம் கதிரையை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“கீழைவயல் முழுக்க விதைச்சு, மேலாலை உழுது மூடியாச்சு. வேணுமெண்டால் பொறுக்கிக்கொண்டு போங்கோ.”