கடல் தாண்டி வந்த சிஷ்யை

“ஆடி மாசம் முடிஞ்சதும் ஹாலைக் காலி பண்ணிடுங்கோ, சுப்பராமன். கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தறவா வந்து பார்த்துட்டா. அவாளுக்குப் பிடிச்சுப் போச்சு.”

வீட்டுக்காரர் ஸ்ரீவத்சன் இதைச் சொன்னபோது யோகா மாஸ்டர் சுப்பராமன் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். மெதுவாகக் கால்களை இறக்கி, எழுந்து உட்கார்ந்தார்.

“இத்தனை வருஷமா இங்கேதானே சார் சொல்லிக் கொடுத்துண்டிருக்கேன்...”

“யாருக்கு?”

சுப்பராமன் சுற்றிலும் பார்த்தார். மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் அத்தனை பெரிய ஹால். ரிடையரான இரண்டு பேர் மட்டும் சவாசனத்தில் படுத்திருந்தார்கள். அதில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இந்த ஹாலும் போனால் சுப்பராமனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

“இந்தக் காலத்துல யோகாவை யார் சார் சீந்தறா?” என்றபடி திரும்பிய ஸ்ரீவத்சன், அப்படியே நின்றுவிட்டார்.

வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். வெள்ளை வெளேரென்ற நிறம், செம்பட்டை முடி, பூனைக்கண்.

“குட் மார்னிங், மாஸ்டர். சாரி, ஐயம் லேட்” என்றாள்.

ஸ்ரீவத்சனின் குரல் தானாகத் தாழ்ந்தது. “யார் இது?”

“நோரீன். புதுசா சேர்ந்திருக்கா. முதுகுவலி.”

“ஜெர்மனியா? ஸ்வீடனா?”

சுப்பராமன் பதில் சொல்ல வாயெடுத்தார். காலியாகக் கிடந்த ஹால் கண்ணில் பட்டது. சட்டென்று கண்களை மூடிக்கொண்டார்.

“யோகத்துக்கு ஏது சார் ஊரும் நாடும்?”

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யோகா கற்றுக்கொள்வதற்கென்றே ஒரு வெள்ளைக்காரி கடல் தாண்டி வந்திருக்கிறாள்!

அடுத்த வாரம் ஹாலில் பாய் விரிக்க இடமில்லை. ஸ்ரீவத்சனின் மனைவி விசாலாக்ஷி, தன் பெண்ணின் சுடிதாரை இழுத்து மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அடுத்த வீட்டுப் பங்கஜம். நேற்றுவரை அந்த ஹாலை ‘மூக்கைப் பிடிக்கற எடம்’ என்று கேலி செய்தவள். ஸ்ரீவத்சன்கூட தினமும் முகச்சவரம் செய்துகொண்டு வந்து, கடைசி வரிசையில் மூச்சை இழுத்து விட்டார்.

“வெள்ளைக்காராளே தேடிண்டு வரான்னா, இதுல ஏதோ இருக்குடி” என்றாள் விசாலாக்ஷி.

யோகா மட்டும் போதுமா? நம் பண்பாட்டையும் காட்ட வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை நோரீனுக்கு விசாலாக்ஷி வீட்டில் தலைவாழை இலை போட்டார்கள். பங்கஜமும், துணைக்குச் சுப்பராமனும் வந்திருந்தார்கள்.

“நோரீன்! திஸ் இஸ் ரசம்! நோ ஸ்பூன்! ஒன்லி ஹேண்ட்!” உரக்கச் சொன்னால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் விசாலாக்ஷி கத்தினாள்.

நோரீன் சிரித்துக்கொண்டே சாதத்தில் குழி பண்ணி, ரசத்தை வாங்கிப் பிசைந்து, ஒரு சொட்டுகூட இலையைத் தாண்டாமல் சாப்பிட்டு முடித்தாள்.

விசாலாக்ஷிக்கு மெய்சிலிர்த்தது. “பார்த்தியாடி பங்கஜம்? நம்மாத்துக் கொழந்தைகளுக்கே இப்படி வராது. போன ஜன்மத்துல இவ நம்ம மனுஷியாத்தான் இருந்திருக்கணும்!”

“எங்காத்துல ஒருத்தி இருக்காளே, என் மாட்டுப்பொண் ஹம்சினி. அவ ரசத்தை ஸ்பூனால குடிக்கறா” என்று ஆரம்பித்தாள் பங்கஜம். விருந்தாளிக்குப் புரியாது என்ற தைரியத்தில், ஹம்சினியின் தூக்கம், சமையல், பிறந்த வீட்டு லட்சணம் எல்லாம் வெளியே வந்தன. பதிலுக்கு விசாலாக்ஷி தன் கணவரின் கஞ்சத்தனத்தை அவிழ்த்துவிட்டாள்.

நோரீன் தலையைக் குனிந்தபடி பாயசம் சாப்பிட்டாள். சுப்பராமனுக்குத்தான் பாயசம் இறங்கவில்லை.

ஆடி முடிந்தது. அன்று வகுப்பு கலையும் நேரத்தில் ஸ்ரீவத்சன் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கம்ப்யூட்டர்காராளை வேண்டாம்னு சொல்லிட்டேன். இந்த ஹால் இனிமே சுப்பராமனுக்குத்தான். வாசல்ல ‘சர்வதேச யோகா மையம்’னு போர்டு வைக்கப் போறேன். நம்ம கலாசாரத்தை நாமதானே காப்பாத்தணும்?”

எல்லோரும் கை தட்டினார்கள். விசாலாக்ஷி நோரீனின் நெற்றியில் குங்குமம் இட்டு, வெற்றிலை பாக்கும் ரவிக்கைத்துணியும் கொடுத்தாள். “டெல் யுவர் கன்ட்ரி பீப்பிள். ஆல் கம் ஹியர்!” என்று தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

ஹாலில் சுப்பராமனும் நோரீனும் மட்டும் மிஞ்சினார்கள். கீழே கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் மெல்லக் கேட்டார்: “முதுகு இப்போ எப்படிம்மா இருக்கு? வாயைத் திறக்காதேன்னு உன்னைக் கட்டிப் போட்டுட்டேன். மனசு உறுத்தறது.”

“முதுகு சோக்கா கீது சார்” என்றாள் நோரீன். “நாங்க ஆங்கிலோ இண்டியன்ஸ், தாத்தா காலத்துலேர்ந்து ராயப்பேட்டைலதான் கீறோம். ஆனா பஸ்ல, கடைல, எங்க போனாலும் ‘நீ எந்த நாடு’ன்னு கேட்டுக்கினே கீறாங்க. அது ஒரு தபாவாவது யாருக்கானும் உதவட்டுமே சார்!”