அரை நூல் சாய்வு

"ரெத்தினம், இன்னிக்கும் இடப்பக்கம்தான் இழுக்குது. கையை எடுத்தா கவுந்துரும் போல."

செம்மண் ஓடுபாதையில் விமானத்தை நிறுத்திய ஜாஃபர் சாதிக், ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவர். நாகூரிலிருந்து வாராவாரம் பூதலூர் வந்து, ரெத்தினத்துக்காகச் சோதனை ஓட்டம் ஓட்டுகிறவர்.

ரெத்தினம் இடது இறக்கையைத் தடவிப் பார்த்தான். அறுவடை மெஷினைப் பிரித்து மேய்ந்த கை அவனுடையது. அந்தக் கையாலேயே தகடு வெட்டி, ரிவெட் அடித்து, ஆறு வருஷமாகக் கட்டிய இரண்டு இருக்கை விமானம் இது.

"போன வாரம் தகட்டை வளைச்சதும் நேராத்தானே பாய் பறந்துச்சு?"

"அன்னிக்கு நேராப் போகுதுப்பா. அடுத்த வாரம் வந்தா திரும்பச் சாயுது. இதோட நாலு தடவை."

இடது இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கும் மடிப்பு. அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. அந்தத் தகட்டை அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, மேலே வளைத்தால், காற்றே மடிப்பைக் கீழே தள்ளி இறக்கையைத் தூக்கிவிடும். ஒவ்வொரு முறையும் அளந்துதான் வளைத்திருந்தான் ரெத்தினம்.

"உள்சட்டம் முறுக்கிட்டு வருது. றெக்கையப் பிரிச்சுப் புதுசாக் கட்டு. அதுவரைக்கும் நான் ஏற மாட்டேன்."

"ரெண்டு வருஷ வேலை பாய்!"

"உசுரு போனா வருஷம் ஏதுய்யா?"

டீத் தூக்கோடு வந்த ரெத்தினத்தின் மனைவி செந்தாமரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, எழவு வீடாட்டம் நிக்கிறீங்க?"

"றெக்கையில கோளாறாம்" என்றான் ரெத்தினம்.

அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, இடது இறக்கையை அடியிலிருந்து நுனிவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். நுனியருகே நின்று காதை வைத்தாள்.

"தங்கச்சி, அது பலாப்பழம் இல்ல" என்றார் ஜாஃபர்.

"சிரிங்க பாய், சிரிங்க. ஏங்க, இந்த நுனி மூடியக் கழட்டுங்க."

ரெத்தினம் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். சட்டம் கோணியிருந்தால் ஆறு வருஷமும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

செந்தாமரை இறக்கைக்குக் கீழே முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"அது எதுக்குடி?"

"கழட்டுங்க. கட்டுனவருக்குத்தான் தன் கைமேல நம்பிக்கை இல்ல."

கடைசித் திருகு கழன்றது. மூடி நழுவியது. உள்சட்டம் அடித்துவைத்த மாதிரியே நேராக நின்றது. விமானம் நிறுத்தும் கொட்டகையில் இருந்த மூட்டையிலிருந்து, கம்பி போகிற ஓட்டை வழியே எலி வாராவாரம் கடத்திவந்து பதுக்கிய விதைநெல், சரசரவென்று முந்தானையில் கொட்டியது. நாலு படி தேறும்.

ஜாஃபர் ஹெட்போனைக் கழற்றினார். "அடப்பாவி, நாலு படி நெல்லை ஒத்தப் பக்கம் ஏத்திக்கிட்டாய்யா இத நேராப் பறக்க வச்சே!"