இடித்த பாலத்தின் இரட்டை

ஆற்றுப்பாலத்தை இடித்தாகிவிட்டது. லாரி ஏறினால் தாங்காது என்று ஜெனிட்டாவின் முனைவர் பட்ட ஆய்வு சொன்னதால்தான் இடித்தார்கள். பாலத்தில் ஒட்டியிருந்து அதன் அசைவுகளைக் கணினிக்கு அனுப்பிய சென்சார்களை அவளே பிடுங்கிச் சாக்கில் கட்டி, ஆய்வகத்து மேசைக்கடியில் போட்டிருந்தாள். ஆனாலும் கணினிக்குள் அவள் உருவாக்கியிருந்த டிஜிட்டல் இரட்டை, அசல் பாலத்தைப் போலவே வளையவும் நடுங்கவும் தெரிந்த அந்தப் பாலம், மெல்ல அதிர்ந்தது. யாரோ அதன்மேல் நடந்துகொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு வைவா பரீட்சைய வெச்சுக்கிட்டு இதென்ன விளையாட்டு? அணைச்சிடும்மா” என்றார் அவளுடைய நெறியாளர் தாணுமூர்த்தி.

“பாதியில ஆள் இருக்காங்க சார். கரையேறட்டும்.”

“பாலமே இல்ல, ஆள் எங்கேர்ந்தும்மா வரும்? வெளிய சொல்லிடாத. பட்டம் குடுக்க மாட்டாங்க, மாத்திரைதான் குடுப்பாங்க.”

சாக்கு அசையாமல் கிடந்தது. திரையில் காலடிகள் அவசரமில்லாமல் வந்து, தண்ணீரை வேடிக்கை பார்ப்பதுபோல் நடுவில் நின்றன. அந்த இடத்தில் பாலம் மயிரிழை தாழ்ந்திருந்தது.

அப்போது எதிர்க்கரை முனை அழுந்தியது. மனிதக் கனமில்லை அது. முழுப் பாரத்தோடு ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. பாலம் தாங்கிவிட்டால் அவள் ஆய்வு பொய். தாங்காவிட்டால் நடுவில் நிற்பவர் ஆற்றோடு போய்விடுவார். எதை வேண்டிக்கொள்வது என்று ஜெனிட்டாவுக்குத் தெரியவில்லை.

அணைக்க நீண்ட தாணுமூர்த்தியின் விரல் பொத்தானுக்கு மேல் அப்படியே நின்றது.

“தாங்குமாம்மா?” என்றார்.