காருக்குப் பின்னால் தண்ணீர்

சூரியகாந்தி வயல்கள் சூழ்ந்த அந்தத் துருக்கிச் சிற்றூரில், புறப்படுகிறவருக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர்போலத் தடையில்லாமல் போய்த் திரும்பட்டும் என்று. ஊருக்கு வந்திருந்த இல்யாஸ் காரைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தான். அவன் அம்மா நஸ்மியே செம்போடு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊத்தும்மா, நேரமாச்சு."

"உங்க அண்ணனுக்கு ஊத்தினேன், அக்காவுக்கும் ஊத்தினேன். போனவங்க போனவங்கதான். வாசல் சேறானதுதான் மிச்சம்."

"நான் வருவேம்மா."

"எப்போ?"

அவன் கண்ணாடியைத் துடைத்தான்.

"ஊத்தாட்டி என்ன, கிளம்பேன். யாரு பிடிச்சா?"

"எப்படிம்மா போவேன்?"

"அதானே." செம்புத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, காலிச் செம்பை நீட்டினாள். "எனக்கு முடியலைடா. கிணறு எங்கேன்னு ஞாபகமிருக்கில்லே? போய் இறைச்சிட்டு வா."

இல்யாஸ் இறங்கிச் செம்பை வாங்கிக்கொண்டான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.